டொக்டரின் காரிலிருந்து இறக்கிய பெற்றோல்

பழைய காருக்கு விலைகூடிய பெற்றோலை நிறுத்திவிட்டுச் சாதாரணப் பெற்றோல் அடிக்கலாமா என்று இப்போதும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பெற்றோலுக்காக ஊரே வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. கம்பளையில் என் வீட்டுக்குப் பக்கத்தில் கராஜ் நடத்தும் இரண்டு மெக்கானிக்குகள், தொண்ணூற்றைந்து ஒக்டேன் பெற்றோலில் ஓடிப் பழகிய கார் ஏதாவது வந்தால் தொண்ணூற்றிரண்டுக்கு மாற்றலாமா என்று கேட்டு ஆளனுப்புவார்கள். போய்ப் பார்ப்பேன். புதிய கார் என்றால் எனக்கு அங்கே வேலையில்லை, கம்பியூட்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். பழைய கார் என்றால் கையை வைத்துத்தான் ஆகவேண்டும். ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

இதை எங்கே பழகினீர்கள் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். கண்டியில், பரமநாதன் சாரிடம் என்றேன். யார் அவர் என்று அடுத்த கேள்வி வந்தது. பரமநாதன் சாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பியதாசவைப் பற்றிச் சொல்லவேண்டும். பியதாசவைச் சொன்னால் தையல்காரர் மாணிக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. வாயால் சொல்லி முடிக்க என்னால் ஆகாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். பெயர் சூசை. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இன்ஜின் அறையில் வேலை செய்தார். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எங்கள் கோயில் சுவாமியார் ஒரு கடிதம் கொடுத்துக் கண்டிக்கு அனுப்பினார். கட்டுகஸ்தோட்டை வீதியில் இருந்த ஒரு கராஜில் சாமான் கழுவுவதற்குச் சேர்ந்தேன். கழுவி, டயர் மாற்றி, மற்றவர்கள் திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒருநாள் நானும் மெக்கானிக் ஆனேன். எல்லோரும் பழகியது இப்படித்தான், இதில் விரித்துச் சொல்ல எதுவுமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் வழி என்று, அந்தக் காலத்தில் எனக்குப் பிரஜாவுரிமை கிடையாது. இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டுக் கார்களின் கீழே படுத்துக் கிடந்தும், நான் எந்த நாட்டவன் என்று சொல்ல என்னிடம் ஒரு காகிதமும் இருக்கவில்லை.

கராஜ் கொழும்பில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு கம்பெனியுடையது. தோட்டத் துரைமார், பேராதனைப் பேராசிரியர்கள், பெரியாஸ்பத்திரி டொக்டர்மார் எல்லோருடைய கார்களும் எங்களிடம்தான் வரும். மனேஜர் திரு. பரமநாதன் யாழ்ப்பாணத்தவர். மெலிந்த உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. அந்தச் சட்டையோடு இன்ஜினுக்குள் கையை விடுவார். கறை படாது. குரலை உயர்த்தமாட்டார். தொழிலாளியை "நீர்" என்றுதான் கூப்பிடுவார். "நீ" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதே சமயம், வீட்டுக்கு வேலையாகப் போனால் எங்களுக்குத் தேத்தண்ணீர் வெளி விறாந்தையில்தான் வரும். உட்காரக் கதிரை போடமாட்டார்கள். எனக்கும் அவருக்கும் பேசும் மொழி ஒன்று. இருந்தும் கதிரை இருக்கவில்லை.

அவர் பொய் சொல்லமாட்டார். ஒரு துரை தன் காரை மதிலில் மோதிவிட்டு, பிரேக் பிடிக்காமல் போனதாக எழுதித் தரச் சொன்னார். பிரேக் நன்றாக இருந்ததாகவே சார் எழுதிக் கொடுத்தார். அந்தத் துரையின் வாகனங்கள் அதோடு எங்கள் வாசலுக்கு வருவது நின்றது. தலைமை அலுவலகத்திலிருந்து திட்டு வந்தது. எழுதியதை அவர் மாற்றவில்லை.

தலைமை மெக்கானிக் பியதாச. கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகும் வழியில் அவருடைய ஊர். பெரிய கைகள், பெரிய சிரிப்பு. என்னை "சூசே மல்லி" என்பார். மல்லி என்றால் தம்பி. என் சிங்களம் அவர் வாயிலிருந்து வந்தது. எங்கள் கராஜுக்கு எதிர்ப்பக்கம், நாலைந்து கடை தள்ளி, மாணிக்கத்தின் தையற்கடை இருந்தது. கார்களுக்கு சீட் உறை தைப்பவர் அவர். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போனவர். கடைக்கு மேலே பலகை அறையில் தனியாக இருந்தார். படியில் இறங்கும்போது இரண்டு கைகளாலும் கைபிடியைப் பிடித்துத் தொங்கித் தொங்கி வருவார். மத்தியானத்தில் பியதாச தன் சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். தையல் கோணல் என்று அவர் சொல்ல, உன் கண்தான் கோணல் என்று மாணிக்கம் சொல்ல, இரண்டு பேரும் சாப்பிட்டு முடிப்பார்கள்.

அந்தக் காலத்தில் சூப்பர், சாதாரணம் என்று இரண்டு பெற்றோல் இருந்தன. இங்கிலாந்தில் செய்த சில பழைய கார்கள் சூப்பர் இல்லாமல் ஓடா. சாதாரணத்தை ஊற்றினால் மட்டமான வீதியில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் மிதிக்கும்போது தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் இன்ஜின் தட்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். மலைநாட்டுப் பெற்றோல் செட்டுகளுக்கு சூப்பர் ஒழுங்காக வராமல் போனபோது, அந்தக் கார்க்காரர்கள் எல்லோரும் எங்களிடம் வந்தார்கள்.

பரமநாதன் சார் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். அதில் ஒரு படியைக்கூட யாரும் தாண்ட முடியாது. முதலில் பெற்றோல் தாங்கியில் இருக்கும் சூப்பரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறக்கவேண்டும். கலந்த பெற்றோலில் வைத்த டைமிங் ஒருவருக்கும் உதவாது என்பார். இறக்கியதைக் கேன்களில் ஊற்றி, கார்க்காரரின் பெயரைச் சோக்கால் எழுதி, சுவரோரம் வைக்கவேண்டும். அது அவருடைய சொத்து, போகும்போது கேட்டால் கொடுக்கவேண்டும். பிறகு இன்ஜினின் தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, பழைய கேஸ்கட்டுக்குப் பதிலாகத் தடித்ததைப் போட்டுப் பூட்டவேண்டும். அதனால் உள்ளே அமுக்கம் கொஞ்சம் குறையும். கடைசியாக டிஸ்ரிபியூட்டரைத் தளர்த்தி, நெருப்புப் பொறி விழும் நேரத்தை ஒரு மயிரளவு பிந்த வைக்கவேண்டும்.

அந்த மயிரளவு எவ்வளவு என்பதை ஹந்தானை மலை ஏற்றத்தில்தான் தீர்மானிப்பார். நான் ஓட்டுவேன். அவர் பக்கத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தலையை வெளிப்பக்கம் சாய்த்துக் கேட்பார். கியர் குறைக்க விடமாட்டார். இன்ஜின் திணறத் திணற மிதிக்கச் சொல்வார். "நிப்பாட்டும்" என்பார். இறங்கி, பொனற்றைத் திறந்து, விரலால் தொட்டுத் திருப்புவார். மறுபடி கீழே போய் மறுபடி ஏறுவோம்.

"கொஞ்சம் தட்டவேணும் சூசை. தட்டி, உடனை நிக்கவேணும். ஒரு சத்தமுமே இல்லையெண்டால் நாங்கள் கூடப் பின்னுக்குத் தள்ளிப்போட்டம் எண்டு அர்த்தம். பிறகு அந்தக் கார் வாழ்நாள் முழுக்கச் சோம்பல்தான்."

காரை ஒப்படைக்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். இழுவை குறையும், சூடு கூடும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் இன்ஜின் சாகாது. சொன்னதில் ஒன்றும் பிழையாகிப் போனதில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில் பெரியாஸ்பத்திரி லேடி டொக்டர் ராஜேஸ்வரியின் கார் வந்தது. அவரும் யாழ்ப்பாணத்தவர். தகப்பனார் ஓட்டிய கறுப்புச் சலூன் கார், சூப்பர் மட்டும் குடிக்கும். எங்கோ கிடைத்த இடத்தில் தாங்கியை நிரப்பி வைத்திருந்தார். அவ்வளவையும் இறக்கினோம். இரண்டு பெரிய கேன் நிறைந்தது. டொக்டரின் பெயரைச் சோக்கால் எழுதியது நான். தலையைக் கழற்றி, சுரண்டி, தடித்த கேஸ்கட்டைப் போட்டுப் பூட்டினோம். சாதாரணப் பெற்றோல் ஊற்றி டைமிங் பார்ப்பது மட்டும் மிச்சம்.

கொழும்பு எரிகிறது, தமிழருடைய வீடுகளையும் கடைகளையும் கொளுத்துகிறார்கள் என்ற செய்தி வந்துவிட்டிருந்தது. அடுத்த நாள் காலையில் பரமநாதன் சார் வழக்கம்போல் டை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். ஒருநாள் வீட்டில் இருந்திருக்கலாமே என்று பியதாச கேட்டதற்கு, டொக்டரின் கார் கிடக்கிறதே என்றார். நானும் வந்தேன். எனக்கு வீட்டில் இருப்பதும் கராஜில் இருப்பதும் ஒன்றுதான்.

நண்பகலுக்கு முன்னால் டவுன் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. மற்றத் தொழிலாளிகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நாங்கள் வெளிக்கிடப் பார்க்கும்போது வீதியின் இரண்டு முனையிலும் கூட்டம் நின்றது. பியதாச எங்கள் இருவரையும் காருக்குக் கீழே நின்று வேலை செய்யும் குழிக்குள் இறங்கச் சொன்னார். சார் தயங்கினார். பியதாச அவருடைய கையைப் பிடித்து இழுத்து இறக்கினார். அதுவரை அவர் சாரைத் தொட்டதை நான் பார்த்ததில்லை. டொக்டரின் காரைத் தனியாகத் தோள் கொடுத்துத் தள்ளிக் குழிக்கு மேலே நிறுத்தினார். மிச்சம் திறந்திருந்த இடத்தைப் பலகையாலும் கான்வஸ் படங்காலும் மூடினார்.

குழிக்குள் கணுக்கால் அளவு பழைய ஒயிலும் தண்ணீரும். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். அவர் என்ன சொல்லிக்கொண்டார் என்று தெரியாது.

வந்தார்கள். எத்தனை பேர் என்று பார்க்கவில்லை. தமிழன் மனேஜர் எங்கே என்று கேட்டார்கள். காலையிலேயே ஓடிவிட்டார் என்று பியதாச சொன்னார். தேடுவோம் என்று ஒருவன் சொன்னான். பலகைமேல் ஒரு கால் வந்து நின்றது. தூசி என் கண்ணில் விழுந்தது.

அப்போது பியதாசவின் குரல் கேட்டது. வேலை நேரத்தில் ஸ்பானர் கேட்பதுபோல் சாதாரணமாகப் பேசினார். "தேடித் திரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? உங்களுக்கு வேண்டியது பெற்றோல்தானே? அந்தச் சுவரோரம் இரண்டு கேன் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போங்கள்."

பலகைமேல் இருந்த கால் நகர்ந்தது. கேனின் பிடி கிரீச்சிட்டது. நிறைந்த கேனைத் தூக்குபவனின் முக்கல் கேட்டது. கூச்சல் வாசலைத் தாண்டி வீதிக்குப் போனது.

"எங்கை கொண்டுபோறாங்கள்?" என்று சார் என் காதில் கேட்டார். சிறிது நேரத்தில் புகை வாசனை குழிக்குள்ளும் வந்தது.

வெகுநேரம் கழித்துப் பியதாச வந்து பலகையை எடுத்தார். அவருடைய புருவம் கருகியிருந்தது. இரண்டு கைகளும் கொப்புளம். "மாணிக்கத்தின் கடை" என்றார். "படி முதலில் எரிந்துவிட்டது மல்லி. என்னால் ஏற முடியவில்லை." ஊரடங்கு வந்து வீதி வெறிச்சோடிய பிறகு, கம்பெனியின் வான் வண்டியில் சாக்குகளுக்கு அடியில் எங்களைக் கிடத்தி, அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். கொப்புளக் கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டினார்.

சில வாரங்களில் கராஜ் திறந்தது. எதிர்ப்பக்கம் முழுதும் கரிச் சுவர். டொக்டரின் காரை முடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. சாதாரணப் பெற்றோல் ஊற்றி, சாரும் நானும் ஹந்தானைக்குப் போனோம். அவர் எப்போதும்போல் கண்ணை மூடிக் கேட்டார். நிறுத்தினார், இறங்கினார், திருப்பினார். மூன்றாவது தடவை ஏறும்போது கொஞ்சம் தட்டி நின்றது. "சரி" என்றார். அவ்வளவு நல்ல டைமிங் நாங்கள் வேறெந்தக் காருக்கும் வைத்ததில்லை. திரும்பி வரும்போது எரிந்த கடைகளைத் தாண்டினோம்.

டொக்டர் காரை எடுக்க வந்த அன்று சார் வங்கிக்குப் போயிருந்தார். நான் சாவியைக் கொடுத்தேன். டொக்டர் அதை வாங்கிக்கொண்டு நின்றார்.

"மாணிக்கத்தின்ர உடம்பை நான்தான் பார்த்தனான்" என்றார். "எரிஞ்ச கடைக்கு முன்னாலை கிடந்த கேனிலை என்ர பேர் எழுதிக் கிடந்ததெண்டு பொலிஸ் வந்து கேட்டவை. உண்மையோ?"

"ஆமாங்க டொக்டர். உங்க பெற்றோல்தான்."

"நீங்கள் அப்ப எங்கை இருந்தனீங்கள்?"

"நானும் சாரும் குழிக்குள்ள இருந்தோம். உங்க கார்தான் மேல நின்னுச்சு. பியதாச அதக் குடுத்துதான் அவங்கள அனுப்பினாருங்க."

டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். "அப்ப சரி" என்றார். கதவைத் திறந்து ஏறிப் போய்விட்டார். அந்த "அப்ப சரி"க்கு என்ன அர்த்தம் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். மன்னித்தாரா, கைவிட்டாரா, எனக்குத் தெரியாது. அடுத்த வருடமே இடமாற்றம் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். அதன்பின் அவரைப் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை.

டொக்டர் காரை எடுத்துப்போன பிறகுதான் விசாரணை வந்தது. கடைகள் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர், பெற்றோல் உங்கள் கராஜிலிருந்துதான் வந்தது என்று கம்பெனிக்கு வக்கீல் மூலம் எழுதியிருந்தார். கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து மனேஜரின் அறையில் உட்கார்ந்தார்கள். மாணிக்கம் எப்படிச் செத்தார் என்று அவர்கள் கேட்கவில்லை. நாங்கள் எப்படித் தப்பினோம் என்றும் கேட்கவில்லை. பெற்றோலைக் கொடுக்க யார் அனுமதி கொடுத்தது என்பதுதான் கேள்வி. கம்பெனி கொடுக்கவில்லை, ஒரு தொழிலாளி தன் எண்ணத்துக்குக் கொடுத்தான் என்று காட்டினால் கம்பெனிக்குத் தொல்லையில்லை.

முதலில் பியதாசவைக் கேட்டார்கள். நான்தான் கொடுத்தேன், யாரிடமும் கேட்கவில்லை என்றார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போகும்போதே முடிவு செய்திருந்தேன். சார் குழிக்குள்ளிருந்து, கொடு என்று சொன்னார், அதன்பிறகுதான் பியதாச கொடுத்தார் என்று சிங்களத்தில் சொன்னேன். சார் அதே அறையில் என் பக்கத்தில்தான் இருந்தார். எனக்கு ஒரே நம்பிக்கை. இந்த மனிதர் உயிரோடு இருப்பது பியதாசவால், ஆமென்று ஒரு "ஓம்" சொல்லிவிடுவார், அதோடு எல்லாம் முடியும் என்று நினைத்தேன். மனேஜர் உயிருக்குப் பயந்து உத்தரவிட்டார் என்றால் அவரை யார் என்ன செய்ய முடியும்?

சூசை சொல்வது உண்மையா என்று அவரைக் கேட்டார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். ஆங்கிலத்தில் பதில் சொன்னார். எனக்கு விளங்கும் அளவு ஆங்கிலம்தான் அது. இல்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை என்றார். பியதாச அனுமதி பெற்றிருந்தாரா என்று கேட்டார்கள். இல்லை என்றார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

பியதாசவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பொய்ச் சாட்சி சொன்னதற்காக எனக்கு எச்சரிக்கை வந்தது. கடைசி வரைக்கும் நான் தலைமை மெக்கானிக் ஆகவில்லை. அடுத்த வருடம் பரமநாதன் சார் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போனார். அதற்குக் குற்றமில்லாத நற்சான்று தேவைப்பட்டது என்று பிறகு அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படி இருந்திருக்கலாம். அது இல்லாவிட்டாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுதான் எனக்கு இன்னும் அதிகமாகக் கசக்கிறது. போகும் அன்று எல்லோருக்கும் கைகொடுத்தார். "நீர் நல்ல வேலைக்காரன் சூசை" என்றார். என் கையும் நீண்டதுதான். எனக்கு வேறெங்கும் போக வழியில்லை. கடவுச்சீட்டுக் கேட்க ஒரு நாடு வேண்டுமே.

பியதாச மடவளை வீதியில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, மோட்டார் சைக்கிள் திருத்தினார். கையில் கொப்புளம் ஆறியபோது இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. சிறிய நட்டுகளைப் பிடிக்கக் கஷ்டப்படுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து நான் பஸ் ஏறி அங்கே போவேன். பேச்சு எல்லாம் வாகனம்தான். மாணிக்கத்தின் பெயரை இருவரும் எடுப்பதில்லை. கட்டுகஸ்தோட்டை வீதியில் அந்தக் கடைகள் இருந்த பக்கமாக அவர் போவதே இல்லை என்று எனக்குத் தெரியும். டவுனுக்குப் போக வேண்டுமென்றால் சுற்றிப் போவார்.

ஒரே ஒரு தடவை நான் கேட்டேன். சார்தான் கொடுக்கச் சொன்னார் என்று நீங்களும் சொல்லியிருந்தால், இரண்டு பேர் சொல்லுக்கு மதிப்பு இருந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை என்றேன்.

செயினுக்கு ஒயில் விட்டுக்கொண்டே பதில் சொன்னார். சாரை அவர் மாத்தயா என்பார், ஐயா என்று அர்த்தம். "மாத்தயா சொல்லவில்லையே, மல்லி. சொல்லாததைச் சொன்னார் என்று எப்படிச் சொல்வது?"

கோபம் வந்தது எனக்கு. ஒரே கராஜில் இப்படி இரண்டு பேர். அவர்கள் இரண்டு பேரும் உண்மை பேசினார்கள், பொய் பேசியவன் நான் ஒருவன். அந்த உண்மையால் ஒருவருக்கு அவுஸ்திரேலியா, மற்றவருக்குத் தகரக் கொட்டில்.

யுத்தம் வளர்ந்தது. எங்கேயாவது வாகனத்தில் குண்டு வெடித்தால், தமிழ் மெக்கானிக் என்று பொலிஸ் என்னைக் கூப்பிடும். வயர் எப்படி இழுப்பாய், பற்றரியை எப்படித் தொடுப்பாய் என்று கேட்பார்கள். ஒரு தடவை அடைத்தே வைத்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பியதாச வந்தார். வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் உடுத்து, பௌர்ணமிப் போயாவுக்குப் பௌத்தப் பன்சலைக்குப் போகிறவர்போல் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இவனை எனக்குத் தெரியும், வேண்டுமென்றால் என்னையும் சேர்த்து அடையுங்கள் என்றார். மாலையில் விட்டார்கள். பஸ் நிலையம் வரைக்கும் ஒன்றாக நடந்தோம். அப்போதும் அவர் ஒரு பழைய கியர்பொக்ஸைப் பற்றித்தான் பேசினார்.

யுத்தம் முடிவதற்கு முன்பே பியதாச இறந்துபோனார். நெஞ்சு நோவு. கொட்டிலிலேயே விழுந்தார். நான் பெட்டியைத் தூக்கினேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து, கம்பளையில் என் வீட்டு வாசலில் ஒரு பெரிய வான் வந்து நின்றது. பரமநாதன் சார் இறங்கினார். முதுகு வளைந்திருந்தது. மகளும் பேரப்பிள்ளைகளும் வானிலேயே இருந்தார்கள். நான் கதிரை போட்டேன். என் வீட்டுக் கதிரையில் அவர் உட்கார்ந்தார். தேத்தண்ணீர் குடித்தார். என் பிள்ளைகளை விசாரித்தார். பழைய கார்களை விசாரித்தார். கடைசியாக, இதற்காகத்தான் வந்தேன் என்பதுபோல், பியதாசவை விசாரித்தார்.

"அவர் தவறிட்டாருங்க சார்" என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் பொய் சொல்லேல்லை, சூசை."

"ஆமாங்க சார். நீங்க சொல்லல."

வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் அவருடைய கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தேன். பியதாசவின் மனைவி இருக்கிறாவோ, வீடு எங்கே, போய்ப் பார்க்கலாமோ என்று கேட்டார். மகள் வீட்டோடு எங்கேயோ போய்விட்டதாகக் கேள்வி, இடம் தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டினார். என்னை நம்பினார் என்று நினைக்கவில்லை. வான் நாவலப்பிட்டிப் பக்கம் திரும்பிப் போனது.

மனது கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு நான் மடவளை பஸ்ஸில் ஏறினேன். பியதாசவின் மனைவி அதே வீட்டில்தான் இருந்தார். பரமநாதன் மாத்தயா வந்திருந்ததைச் சொன்னேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஏன் அழைத்துக்கொண்டு வரவில்லை என்று என்னைக் கடிந்தார். தன் கணவர் சாகும்வரை அந்த மாத்தயாவைப் பற்றித்தான் பேசுவார் என்றார். காதால் கேட்டு டைமிங் வைக்க அவரைப்போல் இலங்கையில் ஆள் இல்லை என்பாராம். கைவிரல்கள் மடங்கிப்போனதால் வேலையை விடுகிறேன் என்று இவர் சொன்னபோது, போகாதே, இருந்து வேலையைப் பழக்கிக்கொடு என்று மாத்தயா கெஞ்சினாராம். இவர்தான், சம்பளத்துக்குப் பாரமாக இருக்கமாட்டேன் என்று பிடிவாதமாக வந்துவிட்டாராம்.

"அவ்வளவு நல்ல மனிதரை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை" என்றார். "உனக்கு அவரைக் கூட்டிவரத் தோன்றவில்லையா மல்லி?"

தோன்றவில்லை அக்கே என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றினார். குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு வந்தேன்.